வானுக்குள் பிரிட்ஜ்: குளிராவிட்டால் முதலில் எதை அளப்பது?

திருகோணமலையில் சுற்றுலாக் காலம் தொடங்கியதும் வானில் பொருத்திய பிரிட்ஜ் பற்றிய கடிதங்கள் கூடிவிட்டன. நான்கை எடுத்திருக்கிறோம். நான்கிலும் பழி பிரிட்ஜின் மேல் விழுந்திருக்கிறது. விவரங்களைப் பார்த்தால் குளிரூட்டும் பகுதி நான்கிலும் நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: ஹையேஸ் வானின் பின்பக்கம் 12 வோல்ற் கொம்பிரசர் பிரிட்ஜ் வைத்திருக்கிறோம். பகலில் வான் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. இரவில் இஞ்சினை நிறுத்தினால் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. பிறகு தானாக ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. இரண்டாவது பற்றரி புதிது, 100 அம்பியர் மணி. மீற்றர் வைத்தால் 12.5 காட்டுகிறது. பிரிட்ஜை மாற்ற வேண்டுமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் அளந்தது பற்றரியில். பிரிட்ஜ் நிற்கும் நேரத்தில். அளக்க வேண்டியது பிரிட்ஜின் பின்னால், வயர் வந்து சேரும் இரண்டு முனைகளில். அதுவும் கொம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது.

இந்த வகைப் பிரிட்ஜ்களில் கொம்பிரசரோடு ஒட்டியபடி ஓர் எலெக்ட்ரோனிக் பெட்டி இருக்கும். பற்றரி அடியோடு இறங்கிவிடாமல் காப்பது அதன் வேலை. பரவலாகக் கிடைக்கும் டான்ஃபொஸ் (இப்போது செகொப்) பிடி35 வகையில், வந்து சேரும் மின்னழுத்தம் ஏறக்குறைய 10.4 வோல்ற்றுக்கு இறங்கினால் அது கொம்பிரசரை நிறுத்தும், 11.7 வோல்ற்றுக்கு ஏறினால்தான் மறுபடி ஓடவிடும். ஓட்டம் நின்றதும் வயரில் மின்னோட்டம் இல்லை, ஆகவே இழப்பும் இல்லை. அழுத்தம் உடனே 12.5க்குத் திரும்பும், பெட்டியும் "சரி, ஓடு" என்று விடும். உங்கள் பிரிட்ஜ் நின்று நின்று ஓடுவது இதனால்தான்.

கணக்குப் பார்ப்போம். ஓடும்போது பிரிட்ஜ் ஏறக்குறைய 5 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். பற்றரியிலிருந்து பின்பக்கம் 6 மீற்றர். போகவும் வரவும் 12 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தால் அதன் தடை 0.14 ஓம், 0.7 வோல்ற் வயரிலேயே போய்விடும். பற்றரி சுமையோடு 12.3 கொடுக்கிறது என்றாலும் பிரிட்ஜுக்கு 11.6 வரவேண்டும். 10.4க்கு இறங்குகிறது என்றால் மீதி 1.2 வோல்ற் ஏதோ ஒரு மூட்டில் தொலைகிறது. 5 அம்பியரில் அது 6 வாற் வெப்பம். விரலால் தொட்டாலே தெரியும். இஞ்சின் ஓடும்போது அல்ரனேற்றர் 14 வோல்ற் அளவுக்குக் கொடுப்பதால், இதே இழப்புக்குப் பிறகும் 12 வோல்ற் மிஞ்சும். பகலில் கோளாறு தெரியாததற்குக் காரணம் அதுதான்.

மூட்டைக் கண்டுபிடிக்கும் வழி இது. மல்ரிமீற்றரை 20 வோல்ற் நேரோட்ட (DC) அளவில் வையுங்கள். பிரிட்ஜ் ஓடட்டும். சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸ் தூணிலும் கறுப்பு முனையை பிரிட்ஜின் பிளஸ் முனையிலும் வையுங்கள். தெரியும் எண் பிளஸ் வழியில் தொலையும் வோல்ற். அதேபோல் மைனஸ் வழியையும் அளவுங்கள். இரண்டும் சேர்ந்து அரை வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். கூடினால் பியூஸ் கூட்டின் இரு பக்கமும், சுவிச்சின் இரு பக்கமும், வானின் பொடிக்குப் (உலோக உடம்புக்கு) பூட்டிய எர்த் போல்ற்றிலும் ஒவ்வொன்றாக மீற்றரை வைத்துப் பாருங்கள். ஒரே மூட்டில் 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அதைக் கழற்றத்தான் வேண்டும்.

நிலாவெளிக் கடற்காற்றில் முதலில் கெடுவது பியூஸ் கூடும் எர்த் போல்ற்றும். பியூஸ் கூட்டைத் திறந்தால் பித்தளைத் தகட்டில் பச்சைத் தூள் படிந்திருக்கும். வெப்பம் பட்ட பக்கத்துப் பிளாஸ்ரிக் பழுப்பேறி நெளிந்திருக்கும். வயரின் தோலை உரித்தால் செம்புக் கம்பி உள்ளே இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கறுத்திருக்கலாம். கறுத்த கம்பியில் புதிய முனை நசுக்கிப் பயனில்லை. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டுங்கள். முனையை நசுக்கு கருவியால் அழுத்தி, பசையுள்ள வெப்பச் சுருக்குக் குழாயால் மூடுங்கள். போல்ற்றை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசலாம். இறுக்க முன் தகட்டை அரத்தாளால் தேய்த்து வெள்ளையாக்குங்கள்.

வயரையும் மாற்றிவிடுங்கள். 6 மீற்றருக்கு 6 சதுர மில்லிமீற்றர், பிளஸ் மைனஸ் இரண்டும் நேரே பற்றரிக்கு. பொடியை எர்த்தாக நம்ப வேண்டாம். பற்றரிக்கு அருகே 15 அம்பியர் பியூஸ். சிகரெட் லைட்டர் சொக்கட்டில் குத்தி ஓட்டாதீர்கள். அதன் ஸ்பிரிங் தொடுமுனை வான் குலுங்கக் குலுங்கத் தளர்ந்துவிடும்.

எலெக்ட்ரோனிக் பெட்டியின் எல்.ஈ.டி விளக்கு சிமிட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒரு சிமிட்டல் வந்து இடைவெளி விட்டால் அழுத்தம் போதவில்லை; இவ்வளவு நேரம் பேசியது அதைத்தான். இரண்டு என்றால் விசிறி அதிக மின்னோட்டம் இழுக்கிறது. மூன்று, கொம்பிரசர் தொடங்க முடியவில்லை. நான்கு, சுமை கூடி வேகம் பிடிக்க முடியவில்லை. ஐந்து, பெட்டியே சூடேறிவிட்டது. கச்சான் அடிக்கும் நாட்களில், காற்றோட்டம் இல்லாத அலுமாரிக்குள் பூட்டிய பிரிட்ஜ்களில் இந்த ஐந்தாவது அடிக்கடி வரும்.

கேள்வி: காஸ், 12 வோல்ற், 230 வோல்ற் மூன்றிலும் இயங்கும் பிரிட்ஜ். மாரி முழுக்க வண்டி நின்றது. இப்போது வீட்டுக் கரண்டில் போட்டவுடன் ட்ரிப் சுவிச் விழுகிறது. காஸில் நன்றாக வேலை செய்கிறது. எர்த் வயரை வெட்டிவிட்டால் சரியாகும் என்கிறார் ஒருவர். (வாசகி, உப்புவெளி)

பதில்: வெட்டவே கூடாது. ட்ரிப் சுவிச் 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழும். உங்கள் உயிரைக் காப்பது அதுதான். எர்த்தை வெட்டினால் கசிவு நிற்காது, வண்டியின் உலோக உடம்புக்கு ஏறி, ஈரக் காலோடு கதவைத் திறப்பவருக்காகக் காத்திருக்கும்.

சூடாக்கும் கம்பியைச் சுற்றி உறைக்குள் ஒரு வெள்ளைத் தூள் நிரப்பியிருப்பார்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அது ஈரம் உறிஞ்சும். வண்டியை மட்டமாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, வெளிக்காற்று படும் இடத்தில் காஸில் நான்கைந்து மணித்தியாலம் ஓடவிடுங்கள். பர்னரின் சூடு பக்கத்திலிருக்கும் கம்பியையும் காயவைக்கும். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும்.

ஆகவில்லை என்றால், பிளக்கைக் கழற்றியபடியே மின்னியலாளரிடம் 500 வோல்ற் மெகர் (மின்கசிவைச் சோதிக்கும் மீற்றர்) வைத்து, கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் கம்பியை மாற்றுங்கள். சாதாரண மல்ரிமீற்றரை இதற்கு நம்ப முடியாது. 125 வாற் கம்பிக்கு அது 420 ஓம் அளவில் ஒழுங்காகக் காட்டும். உள்ளே இருக்கும் சின்னப் பற்றரியின் அழுத்தத்துக்குக் கசிவு வெளிப்படாது. புதிய கம்பி அதே வாற், அதே வோல்ற்றாக இருக்கட்டும்.

கேள்வி: அதே வகைப் பிரிட்ஜ்தான். கொழும்பிலிருந்து வரும்போது 12 வோல்ற்றில் போட்டால் ஹபரணை தாண்டுவதற்குள் ஐஸ் உருகுகிறது. ஒரு நாள் அணைக்க மறந்ததில் பற்றரியும் செத்துவிட்டது. (வாசகர், குச்சவெளி)

பதில்: இரண்டும் ஒரே காரணம். இதில் கொம்பிரசர் இல்லை. சூடாக்கும் கம்பிதான் குளிரை உண்டாக்குகிறது. 12 வோல்ற்றில் 120 வாற் என்றால் ஓயாமல் 10 அம்பியர். எட்டு மணித்தியாலத்தில் 80 அம்பியர் மணி. எந்தப் பற்றரி தாங்கும்? வெப்பம் அழுத்தத்தின் வர்க்கத்தோடு குறையும் என்பதால், வயரில் தொலைந்து 10.5 வோல்ற் மட்டும் வந்தால் 120 வாற் 92 ஆகிவிடும். 6 அல்லது 10 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டு, இஞ்சின் ஓடும்போது மட்டும் இணைக்கும் 30 அம்பியர் றிலே ஒன்றைப் பூட்டுங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவே 230 வோல்ற்றில் குளிரவைத்துவிடுங்கள். 12 வோல்ற் என்பது ஏற்கனவே இருக்கும் குளிரைக் காப்பதற்கு, புதிதாக உண்டாக்குவதற்கு அல்ல.

கேள்வி: வீட்டுச் சிறிய பிரிட்ஜ், 90 வாற். 300 வாற் இன்வேட்டரில் போட்டால் "பீப்" அடித்து அணைகிறது. ஏன்? (வாசகர், கிண்ணியா)

பதில்: 90 வாற் என்பது ஓடும்போது. தொடங்கும் நொடியில் அதைப்போல் ஐந்து, எட்டு மடங்கு கேட்கும். 1000 வாற் சுத்த சைன் அலை இன்வேட்டர் வாங்குங்கள். முழுச் சுமையில் அது பற்றரியிலிருந்து 80 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே பற்றரிக்கும் அதற்கும் இடையே 1 மீற்றருக்கு மேற்படாத, 25 சதுர மில்லிமீற்றர் கேபிள். நின்ற பிரிட்ஜை ஐந்து நிமிடம் விட்டுத்தான் மறுபடி போட வேண்டும். உள்ளே காஸ் அழுத்தம் சமமாகாமல் போட்டால், எவ்வளவு பெரிய இன்வேட்டரானாலும் "பீப்" அடிக்கும்.