அதே பொடி, வேறு காப்பி: வாசகர் கேள்வி – பதில்

வேலந்தாவளம் முதல் களியக்காவிளை வரை, எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த காப்பிக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பொடி அளவு எல்லாம் கிராமில் இருக்கும். கரண்டிக் கணக்கு பொடிக்குப் பொடி மாறும் என்பதால் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கோயம்புத்தூரில் அக்கா வாங்கும் அதே கடைப் பொடியைத்தான் நானும் வாங்குகிறேன். ஃபில்டரும் ஒரே மாதிரி. அங்கே மணக்கிற காப்பி எங்கள் வீட்டில் சப்பென்று இருக்கிறது. பாலை மூன்று விதமாக மாற்றியும் பயனில்லை. பொடியைக் குறை சொல்வதா, என் கையைக் குறை சொல்வதா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டையும் விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். அக்கா வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர் என்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்து மலையில் பெய்த மழை, அணையில் தேங்கி, அப்படியே கோயம்புத்தூருக்குப் போகிறது. அதில் உப்பு மிகக் குறைவு. உங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர். பாறையில் ஊறி வரும்போது சுண்ணாம்புச் சத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்துக்கொண்டு வரும். காப்பியின் மணத்தை எடுத்துக் காட்டுவது அதிலுள்ள மெல்லிய புளிப்பு. பைகார்பனேட் அந்தப் புளிப்பை அடித்துவிடும். மிஞ்சுவது நிறமும் கசப்பும்தான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, அதே அளவு பொடியில் ஒரு டிகாஷன் இறக்குங்கள். போர்வெல் தண்ணீரில் இன்னொன்று. இரண்டையும் பால், சர்க்கரை இல்லாமல் ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெந்நீர் சேர்த்துச் சுவைத்தால் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

தண்ணீரை ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிவதை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்துச் சுடவைத்தால் பைகார்பனேட் கடினத்தன்மை பெருமளவு போய்விடும். கரிக்கிற உப்பு இப்படிப் போகாது. ஆர்.ஓ. கருவி வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 30-க்குக் கீழே போன தண்ணீரில் காப்பி உடம்பில்லாமல், அதாவது வாயில் கனமில்லாமல், புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 100 முதல் 150 வரை இருந்தால் நன்றாக இறங்கும். டி.டி.எஸ். 900 உள்ள கிணற்று நீர் ஒரு பங்கு, 30 உள்ள ஆர்.ஓ. நீர் ஆறு பங்கு கலந்தால் ஏறக்குறைய 150 வரும்.

ஒரு எச்சரிக்கை. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். உங்கள் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் மேலே சொன்ன இரண்டு வழியிலும் இறங்காதீர்கள். புளோரைடு இருந்தால் காப்பிக்குக் குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீரே போதும்.

கேள்வி: இரவே ஃபில்டரில் போட்டு வைத்தாலும் காலையில் பாதிதான் இறங்கியிருக்கிறது. தட்டினாலும் குத்தினாலும் அசைவதில்லை. மாமியார் வீட்டில் கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது.
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: இறங்காத ஃபில்டருக்குக் காரணங்கள் ஐந்தாறுதான். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தால் பிடிபட்டுவிடும்.

முதலில் மேல்பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். உடனே சொட்டத் தொடங்கினால் குற்றம் காற்றின் மீதுதான். இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தும்போது கீழே உள்ள காற்றுக்கு வெளியேற வழியில்லை, டிகாஷன் நின்றுவிடும். தண்ணீர் ஊற்றிய சில நிமிடங்களில் ஒருமுறை லேசாகத் தூக்கி வைத்தால் போதும்.

அது இல்லையென்றால் மேல்பாத்திரத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். எல்லாத் துளையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். எவர்சில்வர் என்றால் அடிப்பக்கத்தைச் சிறு தீயில் காட்டி, அடைத்திருக்கும் தூளைக் கருகவிட்டு, ஆறியபின் தேய்த்துக் கழுவலாம். பித்தளை ஃபில்டரைத் தீயில் காட்டவே கூடாது. உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதற்கு மெல்லிய ஊசிதான்.

துளை சுத்தமாக இருந்தும் இறங்கவில்லையா? அப்படியானால் அரைவை. மிக்சியில் அரைத்த பொடியில் குருணையும் மாவும் கலந்தே இருக்கும், அந்த மாவு துளையை மூடிவிடும். கடையில் ‘ஃபில்டருக்கு’ என்று சொல்லி அரைத்து வாங்குங்கள். விரலிடையில் தேய்த்தால் நைஸ் ரவையைவிடச் சற்றுப் பொடியாக, ஆனால் கோதுமை மாவு மாதிரி வழவழக்காமல் இருக்க வேண்டும். சிக்கரி 40 சதவீதத்தைத் தாண்டினாலும் தண்ணீரில் உப்பிச் சேறாகி வழியை அடைக்கும்.

போடும் முறை இதுதான். ஈரமில்லாத மேல்பாத்திரத்தில் 20 கிராம் பொடி. பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்துங்கள். குடையை வைத்து அதன் எடையோடு சற்றே அழுத்தினால் போதும், திருகி இறுக்க வேண்டாம். கொதித்து அடங்கிய தண்ணீரில் 30 மில்லியை மட்டும் சுற்றி ஊற்றி ஒரு நிமிடம் பொறுங்கள். இந்த ஒரு நிமிடம் முக்கியமானது. வறுத்த காப்பிக்குள் இருக்கும் கரியமில வாயு அப்போதுதான் வெளியேறும், பொடியும் ஒரே சீராக நனையும். மொத்தத் தண்ணீரையும் தடாலென்று கொட்டினால் ஒரு பக்கமாக வழி உண்டாக்கிக்கொண்டு ஓடிவிடும், மறுபக்கப் பொடி வெறுமனே கிடக்கும். பிறகு 120 மில்லி ஊற்றி மூடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் சுமார் 100 மில்லி இறங்கும். மிச்சம் பொடியிலேயே தங்கிவிடும், அதை எதிர்பார்க்காதீர்கள். டம்ளருக்கு 30 மில்லி டிகாஷன், 90 மில்லி பால் என்று மூன்று பேருக்கு வரும்.

நேர்மாறாக ஐந்தே நிமிடத்தில் நீர்த்து இறங்கினால், பெரிய ஃபில்டரில் கொஞ்சம் பொடி போடுகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு பேருக்குச் சிறிய ஃபில்டர் தனியாக வாங்கிவிடுங்கள். இரண்டாம் டிகாஷன் வேண்டுமானால் எடுங்கள், ஆனால் முதலாவதோடு கலக்காதீர்கள். அதில் வருவது பெரும்பாலும் கசப்பு.

கேள்வி: மாதத்துக்கு ஒரு கிலோ பொடி வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கிறோம். பத்து நாளில் மணம் போய்விடுகிறதே?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: போகத்தான் செய்யும். கொட்டை அரைபட்டதும் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு பெருகுகிறது, எண்ணெய்ச் சத்து சிக்குப் பிடிக்கத் தொடங்குகிறது. ஃபிரிட்ஜில் இருந்து டப்பாவை எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் பூக்கும், கூடவே சாம்பார் வாசனையும் ஒட்டும். 200 கிராமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி அலமாரியில் வையுங்கள். உலர்ந்த கரண்டி. இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கடைக்காரரிடம் ‘எப்போ அரைச்சது’ என்று மட்டும் கேட்காமல் ‘எப்போ வறுத்தது’ என்றும் கேளுங்கள். கை மெஷின் வாங்கி அன்றன்றைக்கு அரைப்பதற்கு ஆகும் செலவு வீண் செலவில்லை. காப்பிக்காக ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால் அதைத்தான் சொல்வோம்.

கேள்வி: சிக்கரி கலப்படமா, இல்லையா? எவ்வளவு வரை சேர்க்கலாம்?
– வாசகர், பாலக்காடு

பதில்: லேபிளில் எழுதி விற்றால் கலப்படமில்லை. சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டின் சதவீதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே பின்பக்கத்தைப் படியுங்கள். 53:47 என்று இருந்தால் ஏறக்குறைய பாதி விலை சிக்கரிக்குத்தான் போகிறது. சிக்கரியில் பெரும்பகுதி வெந்நீரில் கரைந்துவிடும், காப்பித்தூளில் அதில் பாதிகூடக் கரையாது. அதனால்தான் சிக்கரி டிகாஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் தெரிகிறது. கெட்டி என்பது வேறு, ஸ்ட்ராங் என்பது வேறு. சிக்கரியில் காஃபீன் கிடையாது. பால் காப்பிக்கு 15 முதல் 20 சதவீதம் நல்ல அளவு. 30-க்கு மேல் போனால் குடிப்பது காப்பியில்லை என்பதே எங்கள் முடிவு.

சுத்தப் பொடி என்று சொல்லி விற்றால் ஒரு கண்ணாடி டம்ளர் குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடிக்கு இறங்கும். இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே இது காட்டும், எத்தனை சதவீதம் என்று காட்டாது.

கேள்வி: தோட்டத்திலிருந்தே உண்டக்காப்பி (தோலோடு உலர்த்திய காப்பிப் பழம்) வாங்கி, குத்தி, வறுத்து, அரைத்துப் பார்த்தேன். கலப்படமே இல்லை, ஆனாலும் வாயில் வைக்க முடியாத கசப்பு. பீபெரி வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், குமுளி

பதில்: பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைவது. ஒரே சீராக வறுபடும், அவ்வளவுதான். உங்கள் சிக்கல் அதுவல்ல. கேரளத்தில் விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா. அதில் காஃபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் கூடுதல். 2019-ல் வயநாடு ரொபஸ்டாவுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது, தரக்குறைவான காப்பி என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் தனியாக நின்றால் முரடு. பிளான்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அராபிகாவின் ஒரு தரம்) 65 பங்கு, உங்கள் ரொபஸ்டா 35 பங்கு என்று கலந்து பாருங்கள். மணம் அராபிகாவிலிருந்தும், பாலைத் தாங்கும் உடம்பு ரொபஸ்டாவிலிருந்தும் வரும். இரண்டையும் தனித்தனியே வறுத்துப் பிறகே கலக்க வேண்டும்.

வறுவலில் கவனம் வேண்டும். கறுத்த பருப்பு, பூச்சி அரித்தது, புளித்த வாடை வருவது எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எறியுங்கள். ஒரு கைப்பிடி கெட்ட பருப்பு ஒரு கிலோவைக் கெடுக்கும். இரும்புச் சட்டியில் மிதமான தீயில் கைவிடாமல் கிளறினால் பச்சை நிறம் மஞ்சள் நிறமாகி, பழுப்பாகி, பட் பட்டென்று முதல் வெடிப்பு கேட்கும். அது அடங்கியபின் சற்று இடைவெளி விட்டு மெல்லிய நொறுநொறுப்புச் சத்தத்தோடு இரண்டாம் வெடிப்பு தொடங்கும். அதற்குச் சற்று முன்னால் இறக்கிவிடுங்கள். எண்ணெய் மினுங்கும் வரை விட்டால் உங்களுக்குக் கிடைத்த அதே கசப்புதான் கிடைக்கும். இறக்கியதும் முறத்தில் கொட்டி விசிறி ஆறவையுங்கள், சட்டிச் சூட்டிலேயே விட்டால் மேலும் வறுபடும். ஒரு கிலோ 800 முதல் 850 கிராமாகக் குறைவது இயல்பு. ஒரு நாள் வைத்திருந்து பிறகு அரையுங்கள்.

கேள்வி: எல்லை தாண்டினால் நல்ல காப்பி கிடைப்பதில்லை. ஓட்டலில் சாயங்காலம் காப்பி புளிக்கிறது. காபி ஷாப்பில் 150 ரூபாய் கொடுத்தாலும் கசப்பு. எப்படிக் கேட்டு வாங்குவது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கேரளத்து டீக்கடையில் பால் காப்பி என்றால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் பொடிதான். அங்கே ஃபில்டர் காப்பியை எதிர்பார்த்து ஏமாறுவதைவிடக் கட்டன் காப்பியோ (பால் சேர்க்காதது) நல்ல சாயாவோ குடிக்கலாம். ஃபில்டர் வைத்திருக்கும் ஓட்டலில், “சேட்டா, டிகாஷன் எப்போ இறக்கினது?” என்று மரியாதையாகக் கேளுங்கள், தவறில்லை. காலையில் இறக்கிய டிகாஷனை பாய்லர் சூட்டிலேயே மாலை வரை வைத்தால் அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சிதைந்து குயினிக் அமிலம் கூடும். நீங்கள் சொல்லும் புளிப்பும் துவர்ப்பும் அதுதான். வீட்டிலும் டிகாஷனை அடுப்பில் நேரடியாகச் சுடவைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றலாம், அல்லது பாலைச் சூடாக்கிக் கலந்தால் போதும்.

காபி ஷாப்பில் மூன்றைக் கவனியுங்கள். நீங்கள் சொன்ன பிறகு கொட்டை அரைபடும் சத்தம் கேட்க வேண்டும். எஸ்பிரஸோ இரட்டை ஷாட்டுக்குச் சுமார் 18 கிராம் பொடியில் 36 கிராம் காப்பி, 25 முதல் 30 நொடியில் விழ வேண்டும். ஒரு நிமிடம் சொட்டிக்கொண்டே இருந்தால் கசக்கும், 10 நொடியில் பாய்ந்தால் புளிக்கும். ஆவிக்குழாயை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பால் 65 டிகிரியைத் தாண்டிக் கொதித்துவிட்டால் இனிப்பு மங்கி, நுரை பெரிய குமிழாக நிற்கும். அப்படி வந்தால் திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் சொல்லுங்கள். ‘நல்லா இல்லை’ என்றால் அவர்களால் எதையும் திருத்த முடியாது.

கேள்வி: பாக்கெட் பாலில் காப்பி நீர்த்துப் போகிறது. எந்தப் பால் நல்லது?
– வாசகி, கூடலூர்

பதில்: கொழுப்பு 3 சதவீதம் உள்ள டோன்டு பால் மெலிந்துதான் இருக்கும். 4.5 சதவீதமுள்ள நிலைப்படுத்திய பால், ஆவினில் பச்சை பாக்கெட், சரியாக இருக்கும். 6 சதவீதப் பால் காப்பியின் மணத்தையே மூடிவிடும். பொங்கி வந்ததும் இறக்கி உடனே கலக்குங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் ஆடையும் காய்ந்த வாடையும்தான் மிஞ்சும்.

கேள்வி: கருப்பட்டி போட்டால் பால் திரிந்துவிடுகிறது.
– வாசகி, களியக்காவிளை

பதில்: கருப்பட்டியில் உள்ள அமிலமும் உப்புகளும் கொதிக்கும் பாலில் பட்டால் திரியும். தட்டிய கருப்பட்டி 50 கிராமைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிக் கசடு நீக்கி, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். பாலை அடுப்பிலிருந்து இறக்கி டிகாஷனைக் கலந்து, ஒரு நிமிடம் ஆற்றிய பிறகு இந்தப் பாகைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். அதன்பின் மீண்டும் அடுப்பில் ஏற்றக் கூடாது. அப்படியும் திரிந்தால் பால் ஏற்கெனவே புளிக்கத் தொடங்கியிருக்கும்.