பொன்மலை ரயில்வே காலனியில் கேட்ட குரல்

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு 84 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். காலனியில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியர்கள் எந்நேரமும் கிளிஃப் ரிச்சர்ட் இசைத்தட்டைத்தான் போடுவார்களாம். அவர் இந்தியாவில் பிறந்தவரா? ஒரு ராக் அண்ட் ரோல் பாடகர் இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார்?
- வாசகர், திருவையாறு

பதில்: ஆமாம், 1940 அக்டோபரில் லக்னோவில் பிறந்தவர்தான். இயற்பெயர் ஹாரி வெப். அவருடைய அப்பாவுக்கும் ரயில்வே சாப்பாட்டு கான்ட்ராக்ட் கம்பெனியில்தான் வேலை என்பதால், பொன்மலைக்காரர்கள் அவரை நம் வீட்டுப் பிள்ளை மாதிரி நினைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. 1948-ல் குடும்பத்தோடு கப்பலேறி இங்கிலாந்து போனார்.

1958-ல் வந்தது 'மூவ் இட்'. குழுவின் கிட்டார்காரர் இயன் சாம்வெல் ஒத்திகைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய பாட்டு. இசைத்தட்டின் பின்பக்கம் போதும் என்று ஒதுக்கியிருந்தார்கள், கடைசியில் அதுதான் பிரிட்டிஷ் தரவரிசையில் 2-ம் இடம் வரை ஏறியது. அந்த ஆரம்ப கிட்டாரை இன்று கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அடுத்த வருடமே முதலிடம். அப்புறம் சினிமா, மென்மையான காதல் பாட்டுகள்.

1963-லிருந்து பீட்டில்ஸ் அலை. அவரோடு கிளம்பிய பல பேர் அதில் காணாமல் போனார்கள். இவர் நின்றார், ஆனாலும் 70-களின் தொடக்கத்தில் கொஞ்சம் மங்கித்தான் போனார். அங்கிருந்து எழுந்து வந்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஆரம்ப நாளிலிருந்து கூட வாசித்த 'ஷேடோஸ்' குழுவின் புரூஸ் வெல்ச் 1976-ல் தயாரிப்பாளராக வந்து உட்கார்ந்தார். 'டெவில் உமன்' அமெரிக்காவிலேயே முதல் பத்துக்குள் போனது; 1979-ல் 'வி டோன்ட் டாக் எனிமோர்' பிரிட்டனில் முதலிடம், அதற்கும் தயாரிப்பாளர் வெல்ச்தான். நாகஸ்வரத்தின் மூச்சறிந்த தவில் கூட இருந்தால் கச்சேரி எங்கே போகும் என்று திருவையாற்றுக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா!

1950-கள் தொடங்கி 90-கள் வரை ஐந்து பத்தாண்டிலும் பிரிட்டனில் முதலிடப் பாட்டு கொடுத்தவர். பிற்காலத்து கிறிஸ்துமஸ் பாட்டுகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அது வேறு.

அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து 1958 பாட்டையும் 1979 பாட்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். நடுவில் 21 வருடம். குரலில் எங்கே அது தெரிகிறது என்று அவரிடமே கேளுங்கள்.