அம்மாவோடு வருகிறீர்கள் என்றால் எங்கே தங்கலாம்

எழுபது வயது அம்மா, முழங்கால் வலி, இரண்டு குழந்தைகள், டிசம்பரில் மூன்று நாள், கன்னியாகுமரியா நாகர்கோவிலா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு இரவு கன்னியாகுமரி, கடைசி இரவு நாகர்கோவில். நான் அப்படித்தான் சொல்வேன்.

கன்னியாகுமரியிலும் கோவிலை ஒட்டிய தெருக்கள் வேண்டாம். டிசம்பர் ஐயப்ப பக்தர்கள் வரும் காலம். விடிவதற்கு முன்பே வேன் சத்தம் ஆரம்பித்துவிடும். அதற்குப் பதில் விவேகானந்தபுரத்தில் அறை பாருங்கள், விவேகானந்த கேந்திரத்தின் இடம் அது. பரந்த வளாகம், மரநிழல், காலையில் மயில்கள் நடமாடும். குழந்தைகளுக்கு அதுவே போதும். சூரிய உதயத்தையும் அந்தப் பக்கக் கடற்கரையிலேயே பார்த்துவிடலாம். டிசம்பரில் அறை கிடைப்பது கஷ்டம், இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

எங்கே எடுத்தாலும் தரைத்தள அறையா, லிஃப்ட் ஓடுகிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள். என் அத்தையை ஒரு விடுதிக்கு அழைத்துப் போனேன். கடல் தெரியும் அறை என்றார்கள். மூன்று மாடி ஏறிப்போய் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. பாவம், அன்று முழுக்க அத்தை கீழே இறங்கவே இல்லை.

மூன்றாம் நாள் வழியில் சுசீந்திரம் கோவிலைப் பார்த்துக்கொண்டே நாகர்கோவில் வந்துவிடுங்கள், மொத்தமே 20 கிலோமீட்டர்தான். வெளியூர் பேருந்தில் கிளம்புவதானால் வடசேரி பக்கம் தங்குங்கள், ரயில் என்றால் கோட்டாறு பக்கம். பத்மநாபபுரம் அரண்மனை இங்கிருந்து பக்கம். திங்கட்கிழமை விடுமுறை. அப்புறம், உள்ளே மரப்படிகள் செங்குத்தாக இருக்கும். அம்மா கீழ்த்தளம் மட்டும் பார்க்கட்டும்.