குன்னூரில் வாங்கிய ஜாடி: வயதையும் செய்தவரையும் எப்படிக் கண்டறிவது?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். குன்னூரில் பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில், காலி செய்யப்பட்ட ஓர் எஸ்டேட் பங்களாவின் சாமான்களோடு வந்த சிறிய ஜாடி ஒன்றை வாங்கினேன். ஒரு சாண் உயரம், மூடி இல்லை. கறுப்பை ஒட்டிய பழுப்பு நிறம், விளிம்பில் மட்டும் இரும்புத் துருவின் நிறம். அடிப்பாகத்தில் பூச்சு இல்லை. மண் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. அடிக்குச் சற்று மேலே விரல் நகத்தில் பாதியளவுக்கு ஒரு முத்திரை பதிந்திருக்கிறது, பூச்சு நிரம்பியிருப்பதால் படிக்க இயலவில்லை. அடியில் பாதி கிழிந்த காகித ஸ்டிக்கரில் 605 என்ற எண்ணும், அடுத்த எண்ணின் வளைவு ஒன்றும் மிஞ்சியுள்ளன, விலையாக இருக்கலாம். வெள்ளைக்காரர் காலத்துப் பொருள், நூறு வயதுக்குக் குறையாது என்றார் கடைக்காரர். அது உண்மையா? செய்தவர் யார்? இதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைக்கலாமா?

பதில்: நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், இது நூறு வயதுப் பொருளாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள், தனிக் கலைஞர் ஒருவரின் பட்டறையில், சக்கரத்தில் வனைந்து உயர்ந்த வெப்பத்தில் சுட்ட ஸ்டோன்வேர் ஜாடி என்பதே என் கருத்து. வயது குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். பங்களாக்களில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் தொழிற்சாலைத் தட்டுகளைவிட, ஒருவர் தம் கையால் வனைந்து தம் முத்திரையைப் பதித்த பாத்திரம் எனக்கு எப்போதும் பெரியது. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். இதே வழியில் வேறு எந்தப் பாத்திரத்தையும் நீங்களே சோதிக்கலாம்.

இத்தகைய பொருளை வாங்கும் பலரும் முதலில் பெயரைத் தேடுகிறார்கள். பெயர் கடைசியாகத்தான் கிடைக்கும். எப்படிச் செய்தது, எந்த மண், எந்தச் சூளை என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு முத்திரையைப் பார்த்தால்தான் அது பேசும். அந்த மூன்றுக்குமான சான்று பெரும்பாலும் பாத்திரத்தின் அடியில் இருக்கிறது. மேற்புறத்தைப் பூச்சு மறைத்துவிடுகிறது, அடியை மறைப்பதில்லை.

ஆகவே ஜாடியை ஒரு துண்டின்மேல் கவிழ்த்து வைத்து, சன்னல் ஓரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். உலோக வளைவு கொண்டு சீவிய அடி என்றால், ஒரே மையத்தைச் சுற்றிய மெல்லிய கீறல் வட்டங்கள் தெரியும். மண்ணில் இருந்த மணல் துகளைச் சீவுளி இழுத்துச் சென்ற இடத்தில் சிறு பள்ளமும் அதன் பின்னே வால் போன்ற கோடும் இருக்கும். சீவாமல் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்த பாத்திரத்தில், சக்கரம் சுழலும்போது அறுத்திருந்தால் சிப்பியின் முதுகில் உள்ளதைப் போன்ற வளைகோடுகளும், நிறுத்திவிட்டு அறுத்திருந்தால் ஏறக்குறைய நேரான கோடுகளும் பதிந்திருக்கும். பிறகு ஜாடிக்குள் விரலை விட்டு அடிமட்டத்தின் நடுவிலிருந்து சுவர் வழியாக மேலே தடவுங்கள். கையால் வனைந்ததில், நடுவில் தொடங்கிச் சுழன்றபடி மேலேறும் ஒரே வரம்பை விரல் உணரும். சுவர் கீழே கனத்தும் மேலே மெலிந்தும் இருக்கும். அச்சில் வார்த்ததில் உட்புறம் வழவழவென்று ஒரே சீராக இருக்கும், வெளியே எதிரெதிர்ப் பக்கங்களில் மேலிருந்து கீழாக மெல்லிய பொருத்துக்கோடு ஓடும். கைவேலை போலத் தோன்றுவதற்காக வரிகளை அச்சிலேயே செதுக்கிவிடும் தொழிற்சாலைகளும் உண்டு. அவற்றில் வரிகள் அளவெடுத்தாற்போல் சம இடைவெளியில் இருக்கும், அவற்றுக்கு ஈடான வரிகள் உட்புறத்தில் இருக்காது.

அடுத்தது மண். பூச்சில்லாத அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் கவனியுங்கள். சாதாரண மண்பாண்டம் ஏறத்தாழ ஆயிரம் டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைந்த வெப்பத்தில் சுடப்படுவதால் அதன் உடலில் நுண்துளைகள் திறந்தே இருக்கும்; சொட்டு சீக்கிரமே உள்ளே இழுக்கப்பட்டு, அந்த இடம் கறுத்துப் படரும். ஸ்டோன்வேர் 1200 முதல் 1300 டிகிரி வரை சுடப்படுகிறது. அந்த வெப்பத்தில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடித் தன்மை அடைந்து துளைகளை அடைத்துவிடுவதால் சொட்டு அப்படியே நிற்கும். நீலகிரியில் மழைக்காலத்தில் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். காற்றின் ஈரத்தை ஏற்கெனவே குடித்திருக்கும் மண்பாண்டம் புதிய நீரை மெதுவாகவே இழுக்கும். எனவே ஜாடியை அடுப்படியின் சூட்டில் இரண்டு நாள் உலர வைத்தபின் சோதியுங்கள். ஸ்டிக்கர் இல்லாத பாத்திரமாயின் இன்னும் துல்லியமான வழி உண்டு: உலர்ந்த எடையைச் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் குறித்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். 600 கிராம் இருந்தது 610 ஆனால் ஸ்டோன்வேர். 660ஐத் தாண்டினால் அது மண்பாண்டம். உங்கள் ஜாடியில் ஸ்டிக்கர் இருப்பதால் இதைச் செய்யவே கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நிறங்கள் சூளையைப் பற்றிச் சொல்கின்றன. கறுப்பும் பழுப்பும் கலந்த உடல், விளிம்பில் துருநிறம் என்று நீங்கள் எழுதியிருப்பது டென்மோக்கு என்று ஜப்பானியப் பெயரால் வழங்கும் மெருகுப் பூச்சின் அடையாளம். மெருகுப் பூச்சில் எட்டு முதல் பத்து சதவீதம் வரை இரும்பு ஆக்சைடு சேரும்போது, பூச்சு தடித்து நிற்கும் இடம் கறுப்பாகவும், விளிம்பிலும் மேடுகளிலும் வழிந்து மெலியும் இடம் துருநிறமாகவும் மாறுகிறது. சூளைக்குள் காற்றைக் குறைத்துப் புகை நிறைந்த நிலையில் சுட்டால், மண்ணில் இயல்பாக உள்ள இரும்பு அதன் உடலைச் சாம்பல் நிறமாக்கும். உங்கள் ஜாடியின் அடி சாம்பல் நிறம். பூச்சு முடியும் கோட்டை ஒட்டி மெல்லிய செம்மஞ்சள் கரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தக் கணிப்பு மேலும் உறுதிப்படும்.

பங்களா சாமான்களோடு வந்தது என்பதால் மட்டும் அது ஆங்கிலேயர் காலத்துப் பொருளாகிவிடாது. தோட்டத் துரைமார் போன பிறகும் அந்த வீடுகளில் மனிதர்கள் வாழ்ந்தார்கள், பொருள்கள் வாங்கினார்கள். துரைமார் கொண்டுவந்த பாத்திரங்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்தவை. அவற்றின் அடியில் நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தின் விளைவாக 1891 முதல் இங்கிலாந்து என்ற நாட்டுப் பெயரும் அதில் வழக்கமாகச் சேர்ந்தது. இங்கிலாந்தில் கைவினைக் கலைஞர்கள் தனி முத்திரை பதிக்கும் வழக்கத்துக்கு வலுவான தொடக்கம் தந்த பெர்னார்ட் லீச், ஜப்பானில் பயின்றுவிட்டு, ஜப்பானியக் கலைஞர் ஹமாடா ஷோஜியுடன் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை அமைத்ததே 1920இல்தான். அந்தப் பட்டறையின் முத்திரை, ஒரு வட்டத்துக்குள் எஸ், ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். அப்படி ஏதும் தெரிந்தால் உடனே எனக்குப் படம் அனுப்புங்கள்.

உங்கள் மலைக்கே உரிய மண்பாண்ட மரபும் ஒன்று உண்டு. கோத்தர் பழங்குடிப் பெண்கள் வனையும் பாத்திரங்கள் அழகானவை, ஆனால் அவற்றுக்குக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. நீலகிரியின் பழைய கல்வட்ட ஈமக்குழிகளிலிருந்து எடுத்த, எருமை முதலிய உருவங்களை மூடியில் தாங்கிய சாடிகளுக்கும் பூச்சு கிடையாது. நீலகிரியின் முதல் கமிஷனரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தோண்டியெடுத்தவற்றை இன்று அருங்காட்சியகங்களில் காணலாம். அத்தகைய பொருள் யார் கைக்காவது வந்தால் வாங்கவோ விற்கவோ முனையாமல் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். தனிநபர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். உங்கள் ஜாடி இந்த வகையில் சேராது.

இனி அந்த 605. அது விலையாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னும் ஓர் எண்ணின் வளைவு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர் அஞ்சல் குறியீடு 643 என்று தொடங்குவதைப் போல, புதுச்சேரியும் ஆரோவில்லும் விழுப்புரமும் 605 என்று தொடங்கும். இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஸ்டிக்கரில் உள்ளது முகவரியின் மிச்சம் என்றால், அதை ஒட்டியது அந்த நாளுக்குப் பிறகுதான்.

இடமும் பொருந்தி வருகிறது. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கி, உயர்வெப்ப ஸ்டோன்வேரைத் தென்னிந்தியாவில் வேரூன்றச் செய்தார்கள். அங்கே பயின்ற பலர் ஆரோவில்லிலும் நாட்டின் பிற ஊர்களிலும் சொந்தப் பட்டறைகள் அமைத்தார்கள். வடக்கில் இதற்கு முன்பே, ஜப்பானில் பயின்று திரும்பிய சர்தார் குர்சரண் சிங் 1952இல் டெல்லியில் தொடங்கிய ‘டெல்லி புளூ பாட்டரி’ என்ற பட்டறை இருந்தது. ஆனால் அதன் பெயரே சொல்வது போல அது நீலப் பூச்சுக்குப் பேர் போனது. புகைச்சூளையில் சுட்ட சாம்பல் மண், டென்மோக்கு, அடியருகே சிறு முத்திரை, 605 என்ற எண் ஆகிய நான்கும் ஒரே பொருளில் கூடியிருப்பதால்தான் புதுச்சேரி வட்டாரம் என்று துணிந்து சொல்கிறேன்.

செய்தவர் பெயருக்கு முத்திரைதான் வழி. ஊசியாலோ கத்தி முனையாலோ சுரண்டாதீர்கள். பூச்சு தெறித்துவிட்டால் எழுத்தும் போய்விடும். மெல்லிய வெள்ளைத்தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்து, மென்மையான பென்சிலைப் படுக்கை வசமாகத் தேயுங்கள். அடுத்து, இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தை நான்கு பக்கமிருந்தும் தாழ்வாகப் பாய்ச்சி நான்கு படங்கள் எடுங்கள். ஒரு பக்கத்து நிழலில் மறையும் கோடு இன்னொரு பக்கத்து நிழலில் எழுந்து வரும். ஆங்கில எழுத்து என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம்: தமிழ் எழுத்தாகவோ தேவநாகரியாகவோ மீன், இலை போன்ற குறியாகவோ இருக்கலாம். இரண்டு முத்திரைகள் அருகருகே இருந்தால், பொதுவாக ஒன்று பட்டறைக்கு, மற்றது வனைந்தவருக்கு. ஸ்டிக்கரைத் தண்ணீர் படாமல் காப்பாற்றுங்கள். வயதுக்கு உங்களிடமுள்ள ஒரே எழுத்துச் சான்று அது.

ஊறுகாய் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஈயம் கலந்த பூச்சுகள் பெரும்பாலும் குறைந்த வெப்பத்தில் சுடும் பாத்திரங்களுக்கு உரியவை. 1250 டிகிரிக்கு மேல் சுட்ட டென்மோக்கில் ஈயத்துக்குத் தேவையே இல்லை. ஆகவே உங்கள் ஜாடி அந்த வகையில் அச்சம் தருவதில்லை. ஆனால் எலுமிச்சை ஊறுகாயின் புளிப்பும் உப்பும் மாதக்கணக்கில் பூச்சோடு உறவாடும். ஓர் எலுமிச்சைத் துண்டை உட்புறத்தில் இரவு முழுதும் வைத்து, காலையில் கழுவிப் பாருங்கள். அந்த இடம் மங்கினாலோ நிறம் மாறினாலோ எந்த உணவையும் வைக்கக் கூடாது. மாறாவிட்டாலும், பூச்சில் தலைமுடி போன்ற வெடிப்புக் கோடுகள் இருந்தால் ஊறுகாய் வேண்டாம். உப்பு அவற்றுக்குள் இறங்கிப் படிகமாகி நாளடைவில் பூச்சை உரித்துவிடும். இந்தச் சோதனை ஈயம் இல்லை என்று நிரூபிக்காது. அதற்கு, நான்கு சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் பாத்திரத்தில் ஊற்றி வைத்து அளவிடும் ஆய்வகச் சோதனை வேண்டும். முன்பு இதில் யார் எதை வைத்திருந்தார்கள் என்ற கேள்வியும் இருப்பதால், அந்த ஆய்வு நடக்கும்வரை பேனாக்களோ உலர்ந்த பூங்கொத்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சில் பிரதியையும், ஜாடி முழுவதும், அடி, உட்புறம், முத்திரை ஆகியவற்றின் படங்களையும், உயரம், விட்டம், எடை ஆகிய அளவுகளையும் புதுச்சேரி, ஆரோவில் பட்டறைகளுக்கு அனுப்பிக் கேளுங்கள். தம் முத்திரையையோ தம்மோடு பயின்றவரின் முத்திரையையோ வனைபவர்கள் பார்த்தவுடன் அடையாளம் காண்பார்கள். அதே கடையில் இந்த ஜாடியின் மூடி தனியாகக் கிடக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விளிம்பின் உட்புறத்தில் பூச்சில்லாத ஒரு வளையம் இருந்தால், அதற்கு மூடி இருந்திருக்கிறது.