டொயோட்டாக்களா, டொயோட்டாகளா?

கேள்வி: கார் விற்பனைச் செய்திகளில் சிலர் 'டொயோட்டாக்கள்' என்கிறார்கள், சிலர் 'டொயோட்டாகள்' என்கிறார்கள். 'ஃபோர்டுக்கள்' என்றும் பார்த்தேன். எது சரி? (வாசகர், ஈரோடு)

பதில்: பெயர் ஜப்பானிலிருந்து வந்ததா, அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டாம். தமிழில் எழுதியபின் அது எந்த எழுத்தில் முடிகிறது என்று பாருங்கள். விழா, விழாக்கள் ஆவதுபோல டொயோட்டா, டொயோட்டாக்கள் ஆகும். ஆட்டோக்கள் என்கிறோமே, அதே வழியில் ரெனோக்கள். இவற்றில் 'க்' விடுபடக் கூடாது.

உகரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ஃபோர்டு' என்பதன் கடைசி 'டு' குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம். வீடுகள், மாடுகள் போல ஃபோர்டுகள் என்பதே சரி. 'சுபாரு'வின் 'ரு' முற்றியலுகரம், அதாவது முழுதாக ஒலிக்கும் உகரம். தெருக்கள் போல சுபாருக்கள் என்று வல்லினம் மிகும். இரண்டையும் ஒரே உகரமாக நினைப்பதால்தான் 'ஃபோர்டுக்கள்' அச்சேறுகிறது.

மாருதிகள், ஹூண்டாய்கள் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. ஓப்பல் என்ற பெயரை, 'கல், கற்கள்' ஆவதைப் பார்த்து 'ஓப்பற்கள்' ஆக்கிவிடாதீர்கள். அந்தத் திரிபு தனிக்குறிலை (ஒரே ஒரு குறில் எழுத்தை) அடுத்த 'ல்'லுக்கு உரியது. விரல்கள் போல ஓப்பல்கள் போதும். ரோல்ஸ் ராய்ஸின் 'ஃபேன்டம்', ஆல்பங்கள் போல ஃபேன்டங்கள் ஆகலாம். ஆனால் பெயரின் கடைசி எழுத்தே மறைந்துபோகிறது. அங்கே 'ஃபேன்டம் கார்கள்' என்று எழுதுவதையே நான் விரும்புவேன்.

'ஆடி'க்கும் அப்படியே. 'ஆடிகள்' என்றால் கண்ணாடி நினைவுக்கு வரும். 'டாட்டாக்கள்' என்றால் அந்தக் குடும்பத்தார் என்று படிப்பார்கள். பெயரைத் தொடாமல் 'கார்'மேல் பன்மையை ஏற்றினால் குழப்பமே இல்லை. முன்னால் எண் இருந்தால் 'கள்'ளும் கட்டாயமில்லை: 'வாசலில் மூன்று அம்பாசிடர் நின்றன' என்பது நல்ல தமிழ், அஃறிணைப் பெயர் 'கள்' இல்லாமலும் பன்மை உணர்த்தும், வினைமுற்று அதைக் காட்டிவிடும். 'அம்பாசிடர்ஸ்கள்' மட்டும் வேண்டாம், அது இரட்டைப் பன்மை. 'பென்ஸ்கள்' சரி, அந்த 'ஸ்' பெயரிலேயே உள்ளது.

கேள்வி: 'பிரியஸ்' காரின் பன்மை 'பிரீஐ' என்று டொயோட்டாவே அறிவித்ததாமே? (வாசகி, மதுரை)

பதில்: ஆம், ஆங்கிலத்துக்கு. 2011இல் அமெரிக்காவில் இணைய வாக்கெடுப்பு நடத்தினார்கள். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் சுமார் 25 சதவீதம் பெற்று அது வென்றது. 'அஸ்' என்று முடியும் லத்தீன் சொற்கள் பலவும் பன்மையில் 'ஐ' பெறும் என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் லத்தீனில் 'பிரியுஸ்' அந்த வகைச் சொல் அல்ல. 'முந்தையது' என்று பொருள்படும் ஒப்பீட்டுச் சொல். அதன் பன்மை 'பிரியோரா'. ரஷ்யாவின் லாடா நிறுவனம் அந்தப் பெயரிலேயே ஒரு கார் விற்றது! தமிழில் லத்தீன் இலக்கணம் தேவையில்லை: பஸ்கள், பிரியஸ்கள்.