சீனி போடாத தேத்தண்ணி குடித்தும் 'சுகர்' இறங்காதது ஏன்?

கேள்வி: அம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டு ஆறு மாதம். ஆனாலும் வெறும் வயிற்றில் பார்க்கும் இரத்தச் சீனி அளவு 150 mg/dLக்குக் கீழே வரவில்லை. ஏன்?

சீனிப் போத்தலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. காலையில் பாண், மத்தியானம் குவித்த சோறு, இரவு பத்து இடியப்பம் எல்லாமே குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகின்றன. குரக்கனுக்கு மாறினாலும் அளவைக் குறைக்காவிட்டால் பெரிய வித்தியாசம் வராது.

சரி, இரவு முழுக்கச் சாப்பிடவில்லையே? அங்கேதான் கல்லீரல் வருகிறது. நாம் தூங்கும்போது அது தானே குளுக்கோஸ் தயாரித்து இரத்தத்தில் விடும். அதற்குக் கடிவாளம் இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் கல்லீரல் அந்தக் கடிவாளத்துக்குச் சரியாக அடங்குவதில்லை. மெட்ஃபோமின் குளிசை முக்கியமாக இந்த உற்பத்தியைத்தான் குறைக்கிறது. அதனால் "சீனியை விட்டாச்சே" என்று குளிசையை நிறுத்த விடாதீர்கள்.

வெறும் வயிற்றில் 126 mg/dL அல்லது அதற்கு மேல் என்பது நீரிழிவின் எல்லை. ஒருநாள் அளவை மட்டும் பார்க்காமல் எச்பிஏ1சி பரிசோதனையும் செய்யுங்கள், அது இரத்தச் சீனியின் கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும். மெலிந்தவர் என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம்; தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே, வயிற்றுக் கொழுப்போடு, நீரிழிவு வருகிறது.

கண்ணையும் பாதத்தையும் வருடத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். அப்புறம், பின்னேரத்தில் காலிமுகத்திடலில் அரை மணிநேர நடை. இஸ்ஸோ (இறால்) வடை வாங்காமல்.