0.03-க்கும் 0.08-க்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

ஒரு மருந்து ஆய்வின் முடிவு 'புள்ளியியல்படி முக்கியத்துவம் உடையது, பி-மதிப்பு 0.03' என்று படித்தேன். அப்படியென்றால் மருந்து பலிக்க 97 சதவீத வாய்ப்பு என்கிறார் நண்பர். அதே மருந்தை வைத்துச் செய்த வேறொரு சிறிய ஆய்வில் 0.08 வந்ததால் 'பலன் இல்லை' என்று எழுதிவிட்டார்கள். எதை நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

97 சதவீதம் என்பது தவறு. மருந்தால் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். அப்போதும் இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. 0.03 சொல்வது இவ்வளவுதான். பலன் எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

ஒரு நாணயத்தை 100 முறை சுண்டி 60 தலை விழுந்தால் பி-மதிப்பு சுமார் 0.057. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால்தான் 'முக்கியத்துவம்' என்பது வழக்கம். அந்தக் கோட்டுக்குக் கீழே இது வரவில்லை. இன்னொரு நாணயத்தை 10 லட்சம் முறை சுண்டி 5,02,000 தலை விழுந்தால் பி-மதிப்பு பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு. இரண்டாவது நாணயத்தில் கோணல் இருப்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் 50.2 சதவீதக் கோணலை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்கள்? போதுமான அளவு தரவு சேர்த்தால் அற்ப வித்தியாசமும் 'முக்கியத்துவம்' பெற்றுவிடும்.

அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வின் முடிவுகள் 1989-இல் வந்தன. மாரடைப்பு கண்டவர்கள் ஆஸ்பிரின் தரப்பில் 139, வெறும் மாத்திரைத் தரப்பில் 239. பி-மதிப்பு 0.00001-க்கும் கீழே. மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது என்றும் சொல்லலாம், சுமார் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கூடுதலாகத் தப்பவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. மாத்திரை போடுபவருக்குத் தேவை இரண்டாவதுதான் என்பேன்.

அந்த 0.05 கோடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1925-இல் வசதிக்காகச் சொன்ன எல்லை அது. துகள் இயற்பியலில் அதை யாரும் ஏற்பதில்லை. 2012-இல் ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டதாக அறிவிக்கச் சுமார் 35 லட்சத்தில் ஒன்று என்ற அளவு தேவைப்பட்டது.

சரி, உங்கள் இரண்டு ஆய்வுகள். ஒரே அளவு பலனுக்குச் சிறிய ஆய்வில் பி-மதிப்பு பெரிதாகத்தான் வரும். 0.08-ஐ 'பலன் இல்லை' என்று எழுதியது பிழை, 'இந்த ஆய்வால் தீர்மானிக்க முடியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டிலும் மருந்து எவ்வளவு மாற்றம் தந்தது, அதன் நம்பக இடைவெளி (உண்மையான பலன் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) என்ன என்று தேடிப் பாருங்கள். இடைவெளிகள் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அந்த ஆய்வுகளுக்குள் சண்டையே இல்லை.